சப்பாத்தி விறைக்கிறதா, உப்பவில்லையா, ஒட்டுகிறதா? குறையைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

மாமாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரத்தில்தான் எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டில் ராத்திரிச் சப்பாத்தி தொடங்கியது. கடலூரில் பல வீடுகளில் கதை இதேதான். டாக்டர் "ராத்திரிக்குச் சோறு வேண்டாம்" என்பார். மறுநாள் சாயங்காலம் கோதுமை மாவு வீட்டுக்கு வந்துவிடும். மாவு வந்துவிடும், கை வராது. இட்லியும் தோசையும் சோறும் பழகிய கை அது.

முதல் மாதம் முழுக்க நான் சுட்டதெல்லாம் விறைப்பாகவே இருந்தது. மாமாவுக்குப் பல்செட். ஒரு ராத்திரி அவர் சப்பாத்தியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக் குருமாவில் ஊறப் போட்டுவிட்டு, தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசாமல் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஊறட்டும் என்று அவர் காத்திருந்ததைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை. அதிலிருந்து ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். இன்றைக்குத் தண்ணீர், நாளைக்கு ஊறும் நேரம், மறுநாள் தீ. அப்படிப் பிடிபட்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கல்லில் கண்ணுக்குத் தெரிகிற குறைகளில் பெரும்பாலானவை பேசினில், மாவு பிசையும்போதே பிறந்துவிடுகின்றன. மீதிக் குறைகள் நம் தோசைப் பழக்கத்தால் வருகிறவை. கீழே எந்தக் குறையைப் படித்தாலும் இந்த இரண்டு இடத்துக்கும் திரும்பத் திரும்பக் கூட்டிப் போவேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு

250 கிராம் கோதுமை மாவு, அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் எண்ணெய், வெதுவெதுப்பான தண்ணீர் 160 முதல் 175 மில்லி வரை. இதில் எலுமிச்சம்பழம் அளவில் 9 உருண்டை வரும். ஒவ்வொன்றையும் 16, 17 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தேய்த்தால் கனம் 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அந்தக் கனம்தான் நமக்கு வேண்டியது.

தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாதீர்கள். முக்கால் பங்கை ஊற்றி மாவைச் சேர்த்துப் பிடித்த பிறகு, மீதியைக் கையில் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். 7, 8 நிமிஷம் பிசைந்து முடிக்கும்போது மாவு விரலில் லேசாக ஒட்டுவது போல இருந்து ஒட்டாமல் வர வேண்டும். காது மடலைத் தொட்டுப் பாருங்கள், அந்த மென்மை. பிறகு ஈரத்துணி போட்டு மூடி அரை மணி நேரம் அப்படியே விடுங்கள்.

இந்த அரை மணி நேரத்தை வெறும் காத்திருப்பு என்று நினைத்துத்தான் நான் முதலில் தவிர்த்தேன். கோதுமையில் உள்ள புரதம் தண்ணீர் பட்டதும் வலை போலப் பின்னிக்கொள்ளும். குளூட்டன் என்பது அதுதான். அரிசியில் அது கிடையாது. பிசைந்த கையோடு அந்த வலை முறுக்கி நிற்கும். ஊறினால்தான் தளரும். முழுக்கோதுமை மாவில் தவிடும் இருக்கிறது, அது தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். பரோட்டாக் கடையில் பார்த்திருப்பீர்கள், மாஸ்டர் உருண்டைகளை எண்ணெய் தடவி வரிசையாக அடுக்கி ஊற விட்டுவிட்டுத்தான் வீச வருவார். அவசரமாக வீசினால் கிழியும் என்று அவருக்குத் தெரியும்.

சுட்டதுமே அப்பளம் மாதிரி விறைத்துப் போகிறது

அதிகம் பேர் சொல்லும் குறை இது. நான்கு காரணங்கள் இருக்கலாம், நான்கையும் பிரித்துக் கண்டுபிடிக்கலாம்.

ஊறிய மாவைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்து, ஓரம் வெடிக்காமல், மெல்லப் பாதி எழும்பி வந்தால் தண்ணீர் சரி. அழுத்தும்போதே ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை. மாவு ஒட்டிவிடுமோ என்ற பயத்தில் நாம் கெட்டியாகவே பிசைகிறோம். நானும் முதலில் 250 கிராமுக்கு 130 மில்லிதான் விட்டுக்கொண்டிருந்தேன். உருட்ட வசதியாக இருக்கும், பார்க்க அழகாக இருக்கும், வாயில் வைத்தால் அட்டை. பூரிக்குத்தான் கெட்டி மாவு. சப்பாத்திக்கு இளக்கமாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே பதத்தில் பிசைகிற வீடுகளில் பூரி நன்றாக வரும், சப்பாத்தி வராது.

இரண்டாவது, தீ. இது முழுக்க முழுக்க தோசைப் பழக்கம். கல்லில் மாவை ஊற்றியதும் தீயைக் குறைத்து, மூடி, வேகட்டும் என்று நிற்கிறோமே, அது தோசைக்குச் சரி. தோசை மாவில் பாதிக்கு மேல் தண்ணீர். சப்பாத்தி மாவில் இருக்கும் கொஞ்சம் தண்ணீரைச் சிம்மில் வைத்துச் சுட்டால், வேகிற நேரத்துக்குள் அத்தனையும் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது காய்ந்த தகடு. ஒரு சப்பாத்தி கல்லில் மொத்தமாக ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. உங்கள் வீட்டில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு நாள் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். எனக்கு மூன்று நிமிஷம் ஆகிக்கொண்டிருந்தது.

கல் காய்ந்துவிட்டதா என்பதற்குத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது நமக்குப் பழக்கம். சொட்டு விழுந்த இடத்திலேயே கொதித்து அடங்கினால் தோசைக்குப் போதும், சப்பாத்திக்குப் போதாது. சொட்டு முத்தாக உருண்டு ஓட வேண்டும். இன்னொரு சோதனை, ஒரு சிட்டிகை மாவைக் கல்லில் போட்டுப் பத்து எண்ணுங்கள். எண்ணி முடிக்கும்போது பொன்னிறமாகியிருந்தால் சரியான சூடு. போட்டதுமே கருத்துப் புகைந்தால் அதிகம்.

மூன்றாவது, தேய்க்கும்போது தூவுகிற மாவு. ஒவ்வொரு சப்பாத்திக்கும் ஒரு கை மாவு போட்டுத் தேய்த்தால், அந்த உலர்ந்த மாவு மேற்பரப்பின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். உருண்டையை இரண்டு பக்கமும் ஒரு முறை மாவில் தொட்டால் போதும். தேய்த்து முடித்ததும் சப்பாத்தியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றித் தட்டி, ஒட்டியிருக்கும் மாவை உதறிவிட்டுக் கல்லில் போடுங்கள்.

நான்காவது, அதிகம் மெல்லியதாகத் தேய்ப்பது. காகிதம் போலத் தேய்த்தால் மெத்தென்று இருக்கும் என்று தோன்றும். நடப்பது வேறு. உள்ளே ஈரம் தங்க இடமே இருக்காது.

கல்லிலிருந்து எடுக்கும்போது மெத்து, சாப்பிடும்போது வறட்டி

இதற்கு மாவையோ தீயையோ குற்றம் சொல்ல வேண்டாம். எடுத்து வைத்த விதத்தைப் பாருங்கள். சுட்டதைத் தட்டில் திறந்து வைத்து, மேலே ஃபேன் ஓடினால் ஐந்தே நிமிஷத்தில் காய்ந்துவிடும். தேவனாம்பட்டினம் பக்கம் கடலைப் பார்த்த சமையலறையாக இருந்தால் சாயங்காலக் காற்றே போதும்.

சுட்டதும் ஒரு பருத்தித் துணியில் சுற்றி, ஹாட்பாக்ஸில் வையுங்கள். துணி இல்லாமல் நேராக ஹாட்பாக்ஸில் அடுக்கினால் ஆவி மூடியில் முட்டித் தண்ணீராக இறங்கி அடிச் சப்பாத்தி சொதசொதவென்று ஆகும். துணி அந்த ஆவியை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். சுட்ட முதல் நிமிஷம் மட்டும் மூடியை லேசாகத் திறந்து வைத்து, பிறகு மூடுவது என் வழக்கம். நெய்யோ நல்லெண்ணெயோ ஒரு பக்கம் தடவினால் ஈரம் வெளியேறுவது குறையும், வாசனையும் கூடும்.

மீந்த சப்பாத்தியை ஃப்ரிட்ஜில் வைத்தால் அது இன்னும் சீக்கிரம் விறைக்கும். வெந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகும், அந்த இறுக்கம் ஃப்ரிட்ஜ் குளிரில்தான் வேகமாக நடக்கிறது. பழைய சோறு ஃப்ரிட்ஜில் பருக்கை பருக்கையாக விறைப்பதும் இதனால்தான். மறுநாள் வேண்டுமானால் கையில் தண்ணீர் தொட்டு இரண்டு பக்கமும் தடவி, நன்றாகக் காய்ந்த கல்லில் பக்கத்துக்குப் பதினைந்து விநாடி காட்டுங்கள், திரும்ப இளகும்.

உப்பி வரவில்லை

உப்பாத சப்பாத்தியும் மெத்தென்று இருக்கலாம். உப்புவது அழகுக்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். உள்ளே ஆவி நிரம்பி இரண்டு படலமாகப் பிரிந்தால் உள்பக்கமும் வெந்திருக்கிறது என்று அர்த்தம்.

நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் குறை எங்கே என்பதும் தெரியும். தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் விரியும். மேலும் கீழும் மெல்லிய தோல் பிடித்திருந்து, நடுவில் மட்டும் ஈரம் இருந்தால், அந்த ஆவி வெளியேற வழியில்லாமல் இரண்டு தோலையும் தள்ளிப் பிரிக்கும். தோல் பிடிக்கவில்லை என்றால் உப்பாது. தோல் அதிகம் தடித்தாலும் உப்பாது. எங்காவது ஓட்டை இருந்தால் ஆவி அந்த வழியாகப் போய்விடும்.

ஆகவே முதலில் உருண்டையைப் பாருங்கள். உருட்டும்போது அடியில் ஒரு மடிப்பு நின்றிருந்தால், தேய்த்த பிறகும் அது விரிசலாக இருக்கும். உள்ளங்கையில் வைத்து அழுத்தி உருட்டி, மடிப்பு மறைந்த பிறகு தட்டையாக்குங்கள்.

அடுத்தது கனம். நடுவில் மெல்லிசு, ஓரத்தில் தடிப்பு என்று இருந்தால் ஆவி பரவாமல் ஒரு பக்கம் மட்டும் குமிழ் விடும். கட்டையை நடுவில் அழுத்தாமல் ஓரத்தை நோக்கி உருட்டினால் சப்பாத்தி தானாகவே சுற்றும். சுற்றவில்லை என்றால் அழுத்தம் அதிகம், இல்லை அடியில் ஒட்டியிருக்கிறது. வட்டம் கோணினால் கவலை வேண்டாம், இலங்கை வரைபடம் மாதிரி இருந்தாலும் சமக்கனமாக இருந்தால் உப்பும்.

பிறகு திருப்புகிற நேரம். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். முதல் பக்கம் 15, 20 விநாடிதான். மேற்பரப்பின் நிறம் மாறி, சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்ததும் திருப்பிவிட வேண்டும். அடியில் பழுப்புப் புள்ளி விழட்டும் என்று காத்திருந்தால் அந்தத் தோல் தடித்துப் போகும். இரண்டாவது பக்கம் 30, 40 விநாடி, இதில் நன்றாகப் புள்ளி விழலாம். இரண்டாவது முறை திருப்பும்போது, மெல்லிய தோல் உள்ள முதல் பக்கம் சூட்டைப் பார்க்கும். இப்போது மடித்த துணியால் ஓரங்களை மெல்ல ஒற்றி ஒற்றி அழுத்துங்கள். ஒரு மூலையில் எழும்பிய காற்று அடுத்த பக்கம் ஓடி முழுதாக உப்பும். இல்லையென்றால் இடுக்கியால் எடுத்து நேராகத் தீயில் ஐந்தாறு விநாடி காட்டலாம். கம்பி வலை வைத்துக்கொண்டால் கருகாது. தோசைத் திருப்பியின் கூர்முனையால் குத்தி அழுத்துவதை மட்டும் விட்டுவிடுங்கள், அதுவே ஓட்டை போடும்.

கல்லில் எண்ணெய் ஊற்றிவிட்டுச் சப்பாத்தியைப் போடுவதும் நம் கைப்பழக்கம். எண்ணெய் விட வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ஒரு முறை காட்டிய பிறகு விடுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பில் மட்டும் உப்பவில்லை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் அண்ணி ஒரு நாள் போனில், "நீ சொன்ன மாதிரியேதான் பிசைஞ்சேன்மா, அங்கங்க கருகுதே தவிர எழும்ப மாட்டேங்குது" என்றார். "கல்லு எது அண்ணி?" என்று கேட்டேன். கேஸ் அடுப்பில் வைத்திருந்த பழைய தோசைக்கல். அடி கொஞ்சம் குழிந்தது.

இண்டக்‌ஷனில் கல்லின் அடி சமதளமாகப் பதிய வேண்டும். அடியில் இருக்கும் சுருள் வளையம் போன்றது, அதனால் சூடும் வளையமாகத்தான் ஏறும். மெல்லிய கல்லில் அந்த வளையம் அப்படியே சப்பாத்தியில் கருப்பாக விழும். கனமான, தட்டையான இரும்புக் கல்லாக வாங்கி, நடுத்தரச் சூட்டில் மூன்று நான்கு நிமிஷம் காய வைத்தால் சூடு பரவிவிடும். எடுத்த எடுப்பில் அதிகபட்சத்தில் வைக்க வேண்டாம். தீயில் காட்ட முடியாது என்பதால் துணியால் ஒற்றுவது இங்கே கட்டாயம். அண்ணி கல்லை மாற்றிய பிறகு பத்தில் ஏழெட்டு உப்புகிறது என்கிறார்.

நான்-ஸ்டிக் கல் வைத்திருப்பவர்கள் அதை வெறுமனே அதிகச் சூட்டில் காய விடாதீர்கள். அந்தப் பூச்சு அந்தச் சூட்டுக்கு ஆனதல்ல. சப்பாத்திக்கு இரும்புதான்.

தேய்க்கத் தேய்க்கச் சுருங்குகிறது

ஊறவில்லை, வேறு ஒன்றும் இல்லை. வலை இன்னும் முறுக்கில் இருக்கிறது. இன்னும் பதினைந்து நிமிஷம் மூடி வையுங்கள். ஊறிய பிறகும் சுருங்கினால், உருண்டை பிடிக்கும்போது மறுபடி ஓங்கிப் பிசைந்திருப்பீர்கள். உருண்டைகளைப் பிடித்து வைத்து ஐந்து நிமிஷம் கழித்துத் தேய்க்கத் தொடங்குங்கள். மாவில் மைதா கலந்தாலும் இப்படி இழுத்துக்கொள்ளும், சுட்ட பிறகு ரப்பர் மாதிரி சவ்வென்று இருக்கும். மிருதுவாக வரும் என்று யாராவது மைதா கலக்கச் சொன்னால் கேட்காதீர்கள். சூடாக இருக்கும்போது மட்டும்தான் அந்த மிருது.

கையிலும் பலகையிலும் ஒட்டுகிறது

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்த பிறகு எங்கள் பக்கம் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. கிரைண்டர் ஓடாது, இட்லி மாவு கிடையாது. மூன்று வேளையும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சப்பாத்திதான். வழக்கமான தம்ளர், வழக்கமான தண்ணீர், ஆனாலும் மாவு கூழ் மாதிரி ஒட்டியது. பிரித்து வைத்திருந்த பாக்கெட்டில் மழை ஈரம் ஏறி மாவு கட்டி கட்டியாக இருந்ததைக் கவனிக்காமல் தண்ணீர் விட்டிருந்தேன்.

கடற்கரை ஊரில் மாவு பருவத்துக்குப் பருவம் மாறும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரத்தை மாவு குடித்து வைத்திருக்கும், 250 கிராமுக்கு ஒன்றிரண்டு டீஸ்பூன் தண்ணீர் குறையும். சித்திரை வெயிலில் அதே அளவு கூடும். அதனால்தான் 160 முதல் 175 என்று சொன்னேனே தவிர ஒரே எண் சொல்லவில்லை. கடைசித் தண்ணீரைக் கைதான் முடிவு செய்ய வேண்டும்.

பிசைந்து முடித்ததும் ஒட்டினால் உடனே மாவு சேர்க்காதீர்கள். மூடி இருபது நிமிஷம் வைத்துவிட்டு மறுபடி தொடுங்கள். தவிடு தண்ணீரைக் குடித்த பிறகு பெரும்பாலும் ஒட்டாது. அப்போதும் ஒட்டினால் ஒரு மேஜைக்கரண்டி மாவு தூவிப் பிசையலாம், ஆனால் திரும்ப ஊற விட வேண்டும்.

பாக்கெட் மாவுக்கும் கல் மில்லில் அரைத்த மாவுக்கும் தண்ணீர் ஒன்றாக இருக்காது. கல்லில் நசுங்கி அரைபடும் மாவு தண்ணீரை அதிகம் இழுக்கும். மாவை மாற்றிய முதல் நாள் பழைய அளவை நம்ப வேண்டாம். போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற கடலோர வீடுகளில் குடிக்கிற தண்ணீரிலேயே பிசையுங்கள். இல்லையென்றால் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஓரம் வெடிக்கிறது, மடித்தால் உடைகிறது

தண்ணீர் குறைவு என்பது முதல் சந்தேகம். கட்டைவிரல் சோதனையில் மாவு தேறிவிட்டது, ஆனாலும் ஓரம் வெடிக்கிறது என்றால் மில்லுக்குப் போய் யோசிக்க வேண்டும்.

ரேஷன் கோதுமையையோ கடைக் கோதுமையையோ கழுவிக் காய வைத்து மில்லில் கொடுக்கிறோம். நமக்கு முன்னால் யாராவது அரிசியோ கேழ்வரகோ அரைத்திருந்தால், கல்லுக்குள் மிச்சமிருக்கும் அந்த மாவு நம் கோதுமையோடு வந்து விழும். அரிசியிலும் கேழ்வரகிலும் குளூட்டன் இல்லை, வலை பின்னாது, வெடிக்கும். ஒரு முறை மூன்று கிலோ கோதுமை அரைத்து வந்து வாரம் முழுக்க ஓரம் வெடித்துக்கொண்டே இருந்தது. மாவைக் கையில் தேய்த்துப் பார்த்தபோதுதான் அரிசி மாவின் நறநறப்பு தெரிந்தது. இப்போதெல்லாம் மில்லில், "அண்ணே, கோதுமைக்குப் பின்னாடி விடுங்க" என்று சொல்லிக் காத்திருந்துதான் அரைக்கிறேன். முதலில் விழும் ஒரு கை மாவைத் தனியாக வாங்கிக் கோலத்துக்கு வைத்துக்கொள்வேன்.

"நைசா அரைங்க" என்று சொல்வதும் முக்கியம். குருணையாக இருந்தால் தவிட்டின் கூர் ஓரங்கள் வலையை அறுக்கும். அதற்காகத் தவிட்டையெல்லாம் சலித்துக் கொட்டிவிடாதீர்கள். சர்க்கரைக்காகத்தானே கோதுமைக்கு மாறினோம், நார்ச்சத்தில் பெரும்பகுதி அந்தத் தவிட்டில்தான். பெருந்துணுக்குகள் இருந்தால் மட்டும் ஒரு சலிப்பு.

அரைத்த மாவு சூடாக வரும். அப்படியே டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே வேர்த்துக் கட்டி பிடிக்கும், வண்டும் வைக்கும். துணியில் பரப்பி முழுக்க ஆறிய பிறகு டப்பாவில் கொட்டுங்கள். முழுக்கோதுமை மாவில் முளைப்பகுதியின் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் காறல் வாசனை வரும், சப்பாத்தியில் லேசான கசப்பு தெரியும். எங்கள் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் அரைப்பது நல்லது.

கரும்புள்ளி, காந்தல் வாசனை, கசப்பு

முதல் சப்பாத்தி நன்றாக இருந்து, நான்காவது ஐந்தாவதுக்கு மேல் காந்தினால், அது கல்லில் உதிர்ந்து கருகிய மாவு. இரண்டு சப்பாத்திக்கு ஒரு முறை உலர்ந்த துணியால் கல்லைத் துடைத்துவிடுங்கள். ஈரத்துணி வேண்டாம், கல் ஆறிவிடும், ஆவி கையைச் சுடும். கல் அளவுக்கு மீறிச் சூடேறினால் தீயைக் குறைத்து அரை நிமிஷம் விட்டு மறுபடி ஏற்றுங்கள்.

தோசைக்கல்லிலேயே சப்பாத்தி சுட்டால் மறுநாள் தோசை எடுபடாது என்று அத்தை அந்தக் காலத்திலேயே சொல்வார். அது நிஜம். எண்ணெய் ஏறிப் பழகிய கல்லின் மேல்படலம் சப்பாத்தியின் வறண்ட சூட்டில் தீய்ந்து போகிறது. இரண்டுக்கும் தனித்தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் கருகி ஓரத்தில் பச்சை மாவு வாசனை அடித்தால், சின்ன பர்னரில் பெரிய கல்லை வைத்திருக்கிறீர்கள். பெரிய பர்னருக்கு மாற்றி, பர்னர் துளைகளில் அடைப்பிருந்தால் ஊசியால் குத்தி எடுங்கள்.

ஃப்ரிட்ஜில் வைத்த மாவு கருத்துப் போகிறது

காற்றுப் பட்டுக் கருப்பது அது. வெட்டிய வாழைக்காய் கருப்பது மாதிரி. மேலே எண்ணெய் தடவி, காற்றுப் புகாத டப்பாவில் விளிம்பு வரை அழுத்தி வைத்தால் மெதுவாகத்தான் கருக்கும். ஒரு நாளுக்குள் சுட்டுவிடுங்கள். புளித்த வாசனை வந்தால் கொட்டிவிடுங்கள், தோசைக்குப் புளிப்பு ருசி, இதற்கு அல்ல. வெளியே எடுத்து அரை மணி நேரம் கழித்துத் தேய்த்தால்தான் வளையும்.

எல்லாம் சரியாக இருக்கிறது, வயதானவர்களால் மட்டும் மெல்ல முடியவில்லை

இதைத்தான் நான் கடைசியாகக் கண்டுபிடித்தேன். நமக்கு மெத்தென்று இருப்பது பல்செட் போட்டவருக்கு மெத்தாக இருக்காது. இழுத்துக் கடிக்க வேண்டிய சப்பாத்தி அவர்களுக்கு வேலை வைக்கும்.

250 கிராமில் பாதி மாவை எடுத்து, கொதிக்கக் கொதிக்க 100 மில்லி தண்ணீரை ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி மூடிவிடுங்கள். இடியாப்பத்துக்கு மாவு பிசைவது போலத்தான், நம் கைக்குப் பழகின வேலை. கொதிநீரில் மாவுச்சத்து பாதி வெந்து தண்ணீரைத் தனக்குள் பிடித்துக்கொள்ளும். அந்த மாவில் வலையும் பலமாகப் பின்னாது, அதனால் இழுவை குறையும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மீதி மாவு, உப்பு, இரண்டு டீஸ்பூன் எண்ணெய் சேர்த்து, சாதாரணத் தண்ணீர் 80, 90 மில்லி வரை தெளித்துப் பிசையுங்கள். வழக்கத்தைவிட இளக்கமாக இருக்கும். தூவுகிற மாவு கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும், கல்லில் போடும் முன் உதறிவிடுங்கள். கொஞ்சம் தடிமனாகத் தேய்த்து, தீயைக் குறைக்காமல் சுட்டு, உடனே துணிக்குள் வையுங்கள். பந்து மாதிரி உப்பாது, அங்கங்கே எழும்பும், அது போதும்.

ராத்திரி எட்டு மணிக்கு மாமாவுக்கு இரண்டு. இப்போது குருமாவைத் தனிக் கிண்ணத்தில் கேட்கிறார்.